கூப்பிட்ட குரலுக்கு

அசையக் கூடாது என்று சொன்ன மறுநிமிடமே மூக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. சௌந்தரபாண்டியனுக்கு இது புதிதில்லை. இந்த ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைக்கிற ஒவ்வொரு தடவையும் முதலில் மூக்குதான் வம்புக்கு வரும், அது அடங்கினால் இடது குதிகால், அதுவும் அடங்கினால் முதுகில் இன்ன இடம் என்று சொல்லத் தெரியாத ஓர் இடம். தலையைச் சுற்றி வெள்ளைக் கூண்டு, இரண்டு கன்னத்துக்கும் பஞ்சுத் திண்டு, கண்ணுக்கு நேரே சாய்த்துவைத்த சின்னக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் கால்மாட்டுக்கு அப்பால் இருக்கிற திரை தெரியும். இடது கையில் ஒரு ரப்பர் பந்து, முடியவில்லை என்றால் அமுக்கச் சொல்லி. இடுப்பில் எத்தனையோ வருஷமாகக் கிடந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றி வெளியே தட்டில் போட்டுவிட்டு வந்ததில் ஆஸ்பத்திரி அங்கிக்குள் உடம்பு கூசிக்கொண்டே இருந்தது. வெள்ளியும் ஆகாதாம், இரும்பும் ஆகாதாம், உள்ளே இருக்கிறது அப்பேர்ப்பட்ட காந்தமாம். மனுஷன் மட்டும் போகலாம், அதுவும் அசையாத மனுஷன். சோழவந்தானிலிருந்து வாடிப்பட்டி வரைக்கும் எந்த ஊரில் கபடிப் போட்டி என்றாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஏழு ஆட்டக்காரர்களைவிட அதிகமாகத் துள்ளிய ஆள் அவர். அவரைப் பார்த்துத்தான் அசையாதே என்கிறார்கள். இதற்கு அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தாடை அசையும் என்பதால் சிரிக்கவில்லை.

“சார், ஆரம்பிக்கலாமா?” என்றது ஹெட்போனில் ரெபேக்காவின் குரல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண், இந்த ஆராய்ச்சி முழுக்க அவள் கையில். “அதான்,” என்றார். சரி என்றுதான் சொல்ல நினைத்தார். வாய்க்குள்ளிருந்து வருவது இப்போதெல்லாம் அந்த ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ட்ரில் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வருஷமே மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்தது. வலது கை தொங்கிப்போயிற்று, பேச்சு மொத்தமும் போயிற்று, என்ன கணக்கோ தெரியவில்லை, “அதான்” மட்டும் மிச்சம். பசிக்கிறது என்றாலும் அதான், போதும் என்றாலும் அதான், விசிறியை நிறுத்து என்று கத்தினாலும் அதான். உள்ளே ஒன்றும் குறையவில்லை. உள்ளே முன்னைவிடச் சரளமாக, மூச்சுவிடாமல், பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. அது ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் தப்பு. இந்தக் குழாய்க்குத் தெரியும். டக் டக் டக் டக் என்று தொடங்கிவிட்டது பார், கதவைத் தட்டுகிற விருந்தாளி மாதிரி. தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறது, மரியாதை தெரிந்த சாமான். முதல் தடவை இந்தச் சத்தம் வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. இப்போது அதற்குள் ஒரு தாளம் பிடிபட்டுவிட்டது, பாடிப் போகிறவன் கோட்டைத் தாண்டி மூச்சை அடக்கிக்கொண்டு கபடி கபடி கபடி என்று போகிற தாளம். எதிராளி களத்துக்குள் போய் ஒன்றைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும், மூச்சு அறுவதற்குள். இதுவும் அப்படித்தானே, நம் மண்டைக்குள் போகிறது, எதையோ தொடுகிறது, திரும்பி வந்து தொட்டதைச் சொல்கிறது. என்ன மூளை வேண்டும் இதைக் கண்டுபிடிக்க. அவர் ஒவ்வொரு தடவையும் வியக்கிற இடம் இது. கத்தியில்லை, ஊசியில்லை, ஒரு மயிரைக்கூட மழிக்கவில்லை, வெளியே நின்றபடி உள்ளே ரத்தம் எந்தச் சந்தில் கொஞ்சம் கூடுதலாகப் பாய்கிறது என்று பார்க்கிறார்கள். நினைப்பு ஓடுகிற இடத்துக்கு ரத்தமும் பின்னாலேயே ஓடுமாம், சில விநாடி தாமதமாக. திருவிழாவில் தூரத்துப் பனைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து நாம் பேசியது நமக்கே பிந்திக் கேட்குமே, அந்தத் தாமதத்தோடு இருபத்தைந்து வருஷம் பேசிய ஆளுக்கு இது விளங்காதா என்ன.

விளங்காதது அதற்கு அப்புறம் நடக்கிறது. அதை நினைத்தால்தான் மலைப்பு. வந்த புதிதில் வாரக்கணக்காக அவருக்கு வேலையே கதை கேட்பதுதான். குழாய்க்குள் படுத்துக்கொண்டு, ஹெட்போனில் யாரோ சொல்கிற கதை, யாரோ போன பயணம், பெண்டாட்டி பஞ்சவர்ணம் தன் குரலில் பேசிப் பதிவு செய்து கொடுத்த வீட்டுச் சமாசாரங்கள், எங்கிருந்தோ தேடிப்பிடித்த அவருடைய பழைய கபடி வர்ணனை கேசட்டுகள்கூட. தன் குரலையே கேட்டபடி கண்ணீர் காதுக்குள் வழிய அசையாமல் கிடந்தார். அவர் கேட்கக் கேட்க, ஆறு என்ற சொல்லுக்கு ரத்தம் எங்கே போகிறது, அம்மாவுக்கு எங்கே, கோபத்துக்கு எங்கே, என்று ஒரு கம்ப்யூட்டர் பாடம் படித்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்த ஜாதி. உலகத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லித்தரும் என்கிறார்கள், இந்த ஒன்று மட்டும் அவருடைய மண்டையைத் தவிர வேறு பாடப்புத்தகமே பார்த்ததில்லை. “வேற யாரைக் கொண்டுவந்து படுக்க வச்சாலும் இதுக்கு ஒண்ணும் புரியாது சார், உங்களுக்குன்னே படிச்சது,” என்று ரெபேக்கா சொன்னபோது அவருக்கு ஒரு வாத்தியாருக்கு வரவேண்டிய பெருமை வந்துவிட்டது. எத்தனை வகுப்பு எடுத்திருப்பார், எவன் இப்படிக் கண்கொட்டாமல் கவனித்தான். ஒருநாள் வெளியே வந்ததும் ரெபேக்கா திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் உள்ளே கேட்டது, மழை பிடித்துக்கொண்டதால் அரையிறுதி ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள் என்பது. அது எழுதியிருந்தது, தண்ணீர் வந்தது, விளையாட்டு முடிந்துபோனது. சொல்லுக்குச் சொல் வராது, ஏறக்குறைய அர்த்தம் வரும், அவ்வளவுதான் இப்போதைக்கு என்றாள் அவள், ஏதோ மன்னிப்புக் கேட்கிற தோரணையில். ஏறக்குறையவா. பேச்சு போன நாளிலிருந்து அவருக்குள்ளிருந்து வெளியே வந்த முதல் வாக்கியம் அது. பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “மழை பேஞ்சு ஆட்டம் நின்னுபோச்சு, அதைச் சொல்றாக,” என்று அதற்கு உரை சொன்னாள். அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது, இடது கையால் மட்டும் எப்படிக் கும்பிடுவது என்று விட்டுவிட்டார்.

பஞ்சவர்ணம். இன்றைக்கு இந்தப் பெயரைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு எதையும் நினைக்கக் கூடாது. பஞ்சவர்ணம், பஞ்சவர்ணம், பஞ்சவர்ணம். தாம்பரத்தில் மச்சினன் வீட்டிலிருந்து ஆட்டோவில் வரும்போதே ஆரம்பித்த ஜபம். பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். போன வாரத்திலிருந்து அவள் அப்படித்தான். சோறு ஊட்டுகிறாள், சட்டை பித்தான் போட்டுவிடுகிறாள், கண்ணை மட்டும் பார்ப்பதில்லை. போன வாரம்தான் படம் காட்டுகிற சோதனை. ஆள் படம் வந்தால், “இவங்களை நீங்க எப்பவும் கூப்பிடுற மாதிரி மனசுக்குள்ள கூப்பிடுங்க சார்,” என்றாள் ரெபேக்கா. கூப்பிட்டார். ஒன்றும் கஷ்டமாக இல்லை. முடிந்து வெளியே வந்ததும் ரெபேக்கா முகம் சரியில்லை. அவர் இருக்கும்போதே, அவருக்குக் காது கேட்காது என்பது போலப் பஞ்சவர்ணத்தைப் பார்த்துச் சொன்னாள், “மகள் படத்தைக் காட்டினா சின்னக் குழந்தைன்னு வருதும்மா, அது பரவால்ல, ரொம்ப தள்ளியில்ல. ஆனா உங்க படத்தைக் காட்டினா மகள்னு வருது. ஒவ்வொரு தடவையும் அதேதான். எல்லாம் ஒரு படி மாறி விழுது. ஆளுங்களை அடையாளம் பிரிக்கிற இடத்துல அடிபட்டிருக்குமோன்னு பார்க்கணும்.” இல்லை இல்லை என்று அவர் பதறினார். இவள் என் பெண்டாட்டி, எனக்குத் தெரியாதா, என்ன உளறுகிறீர்கள் என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். “அதான்! அதான்! அதான்!” ரெபேக்கா மெதுவாகத் தலையை ஆட்டினாள். பஞ்சவர்ணம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார் என்கிற மாதிரி. ராத்திரி சமையலறையில் மச்சினன் பெண்டாட்டியிடம் அவள் சொன்னது கேட்டது. “மலம் அள்ளினேன், முகம் சுளிக்கல. எல்லாம் எனக்குத் தெரிஞ்ச மனுஷனுக்குன்னு செஞ்சேன். அவருக்கு நான் யாருன்னே தெரியலைங்கிறாகளே, அப்ப இத்தன நாளும் நான் யாருக்குச் செஞ்சேன்.” அதற்கு மேல் அவள் அழுதாளா, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாளா என்று தெரியவில்லை. நெஞ்சு வலித்தது. வாதம் வந்த அன்றுகூட இப்படி வலிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த கட்டம் என்று ஒன்று சொன்னார்கள். இவ்வளவு பெரிய குழாய் இல்லாமல் தலையில் தொப்பி போல மாட்டிக்கொள்கிற கருவி, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், நினைப்பதைத் தட்டுத் தடுமாறியாவது திரையில் எழுதும். இன்னும் முழுசாகத் தயாராகவில்லை, சோதித்துப் பார்க்க நாலைந்து பேரை எடுப்பார்கள். யார் யாரென்றே பிரித்துச் சொல்லத் தெரியாத ஆளை எடுக்க முடியாதாம், அவர் நினைப்பதாகக் கருவி எழுதுவதை நம்ப முடியாதாம். நியாயம்தான். இன்றைக்கு இன்னொரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். இன்றைக்கும் மகள் என்று வந்தால் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான், அவளும் அவரும், எதிரெதிர் சீட்டில், பேசாமல். அவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே மாறிப்போயிருக்குமோ. பைத்தியம் பிடித்தவனுக்குப் பைத்தியம் பிடித்தது தெரியாது என்பார்களே. உள்ளே எல்லாம் சரளமாக ஓடுகிறது என்று தனக்குத்தானே மெச்சிக்கொள்கிறோமே, அந்தச் சரளம் முழுக்கக் கோணலாக ஓடிக்கொண்டிருந்தால்? யார் வந்து திருத்துவார்கள்? இதை நினைக்கிறபோது குதிகால் அரிப்பு, மூக்கு அரிப்பு எல்லாம் சேர்ந்துகொண்டது. பந்தை அமுக்கிவிடலாமா. அமுக்கினால் வெளியே இழுத்துவிடுவார்கள், ரெபேக்கா ஓடிவருவாள், தண்ணீர் தருவார்கள், அப்புறம்? கையைத் தளர்த்தினார். ஆரம்பத்தில் வேறு ஒரு பயம் இருந்தது. எல்லாவற்றையும் இந்த மெஷின் படித்துவிடுமே என்ற பயம். படுக்கையில் கிடந்த முதல் மாதம் ஒவ்வொரு நாளும் செத்துப்போய்விடலாம் என்று நினைத்தார், கிணற்றை நினைத்தார், கிணறுவரைக்கும் நடக்க முடியாதே என்று அழுதார். அதெல்லாம் திரையில் எழுத்தாக வந்து பஞ்சவர்ணம் படித்துவிட்டால்? எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ, ரெபேக்கா ஒருநாள் தானாகவே சொன்னாள், “நீங்க சொல்லணும்னு நினைச்சாத்தான் சார் இதுக்குப் பிடிபடும். நீங்க வேணாம்னு மனசுக்குள்ள வாய்ப்பாடு சொல்லிட்டுப் படுத்திருந்தா இது முழிக்கும். நாங்களே வேணும்னு சோதிச்சுப் பார்த்துட்டோம்.” அவரும் சோதித்துப் பார்த்தார். ஈரேழு பதினாலு என்று சொல்லிக்கொண்டே கிடந்தார். மெஷின் என்னென்னவோ உளறியது. அன்றிலிருந்து அவருக்கு அதன்மேல் பயமில்லை, மரியாதைதான். கதவு நம் பக்கத்தில் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, நாம் திறந்தால்தான் வரும். எத்தனை மனுஷர்களுக்கு இந்த நாகரிகம் தெரியும்.

திரையில் பசுமாடு வந்தது. பசுமாடு, என்று நினைத்தார். பேருந்து. உப்பு ஜாடி. ஆலமரம். மச்சினன் வந்தான், மாப்பிள்ளே, என்று கூப்பிட்டார். மகள் வந்தாள், பட்டம் வாங்கிய அங்கியோடு, மஸ்கட்டில் குடித்தனம் செய்கிறவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். பாப்பா, என்று கூப்பிட்டார், அடிவயிற்றிலிருந்து வந்தது. அடுத்து அவளாகத்தான் இருக்கும், தயாராக இரு, பஞ்சவர்ணம், பஞ்சவர்ணம். வந்தாள். அரக்குப் புடவை, நெற்றியில் குங்குமம், போட்டோ எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னதால் சிரிக்காமல் நிற்கிறாள். பாடிப் போகிறவன் கோட்டைத் தொட வேண்டிய கணம் இது, நினைக்க வேண்டியது ஒரே ஒரு பெயர், வாசல் கதவு திறந்தே இருக்கிறது, மெஷின் காத்துக்கொண்டிருக்கிறது, கூப்பிடு. அருளு. அவர் திடுக்கிட்டார். என்ன கூப்பிட்டேன்? அருளு என்றா? பஞ்சவர்ணம் என்றல்லவா ஆட்டோவிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். படம் போய்விட்டது. ஒரு ஜாடி வந்தது, ஒரு சைக்கிள் வந்தது, அவர் எதையும் பார்க்கவில்லை. அருளு. அருள்மொழி மகள் பெயர். ஆமாம், மகள் பெயர். ஐயோ, அதுதான் மகள் பெயர்! இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் தெரிகிறது போல அந்தக் குழாய்க்குள் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மகளை யார் அருளு என்று கூப்பிட்டது? ஒருவரும் இல்லை, அவர் வாயில் அவள் பிறந்ததிலிருந்து பாப்பாதான். அருளு என்று கூப்பிட்டால் வருகிறவள் பஞ்சவர்ணம்.

கல்யாணமான புதிதில் கூப்பிட ஒரு வார்த்தை இல்லாமல் அவர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள், தெருவே சிரிக்கும். மைக்கில் பதினாலு ஆட்டக்காரன் பெயரை ஊர்ப் பெயரோடு அடைமொழியோடு ஒரே மூச்சில் சொல்லுகிற வாய், வீட்டுக்குள் வந்தால் தொண்டையைச் செருமும், சைக்கிள் மணியை அடிக்கும், “இந்தாம்மா” என்று சுவரைப் பார்த்துச் சொல்லும். அப்புறம் மகள் பிறந்தாள். அருள்மொழி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் சத்தம் போட்டுக் கூப்பிட ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான், அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வாசலிலிருந்து அருளு என்பார். அடுப்படியிலிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பஞ்சவர்ணம் வருவாள், “என்னங்க, கூப்பிட்டீகளா?” என்பாள், கூப்பிட்டது நன்றாகக் கேட்டிருந்தும். பிள்ளைக்கு வைத்த பெயரை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டதால் பிள்ளை பாப்பாவாகவே நின்றுவிட்டது. ஒருதடவை போட்டி முடிந்து பஞ்சவர்ணம் தன் அப்பா நினைவாகக் கோப்பை கொடுத்தாள். மைக்கில் அவர்தான் அழைக்க வேண்டும். கோப்பையை வழங்க வருபவர், என்று இழுத்தார், விக்கினார், கடைசியில் “அருள்மொழியின் தாயார்” என்றார், மைதானமே விசிலடித்தது. அப்படியென்றால் போன வாரம் மெஷின் தப்புச் சொல்லவில்லை. அடேயப்பா, இதுதான் கேட்டிருக்கிறது! நீங்க எப்பவும் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க என்றார்கள், எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார், எந்தக் காதுக்கும் கேட்காத அந்தக் கூப்பாட்டை இந்த ஜடம், எலும்பில்லாத நரம்பில்லாத இந்தக் கணக்குப்பிள்ளை, அட்சரம் பிசகாமல் கேட்டுவிட்டது. பஞ்சவர்ணம் பேசிக்கொடுத்த கதைகளில் அருள்மொழி என்று வந்த இடமெல்லாம் மகள், அதைப் படித்த மெஷின், மகள் என்று எழுதியது. பாப்பா என்றால் குழந்தை, குழந்தை என்று எழுதியது. எவ்வளவு நேர்மை. தப்புப் போட்டது திருத்திய டீச்சர். ரெபேக்காவைச் சொல்லி என்ன செய்ய, அந்தப் பெண் சென்னையில் பிறந்தவள், அவள் அப்பா அவள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார், அதுதானே அவளுக்கு வழக்கம். பஞ்சவர்ணமாவது யோசித்திருக்கலாம். எங்கே யோசிப்பாள், அவரே இத்தனை நாள் யோசிக்கவில்லையே. மூச்சு விடுவதை யார் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. உடனே அதன் மேலேயே பயமும் வந்து விழுந்தது. தெரிந்து என்ன செய்வது, எப்படிச் சொல்வது? வெளியே போய் அதான் அதான் என்று கத்தினால் போன வாரத்துக் கதைதான். திரையில் மறுபடியும் அவள் படம் வந்தது. பஞ்சவர்ணம், என்று வம்படியாக நினைத்தார். அடுத்த வீட்டுக்காரன் பெண்டாட்டியைக் கூப்பிட்டது போல உள்ளுக்குள் ஒரு அசௌகரியம், அந்தப் பெயருக்குப் பின்னால் முகமே எழும்பவில்லை, ரேஷன் கார்டுதான் எழும்பியது. மெஷின் இதற்கு என்ன எழுதியிருக்கும், ஒன்றும் எழுதியிருக்காது. முடிந்தது. படங்கள் தீர்ந்துவிட்டன. தட்டுகிற சத்தம் நின்று, உறுமல் நின்று, ஒரு வெறும் இரைச்சல் மட்டும். மூச்சு அறப்போகிறது, கோடு இன்னும் தூரத்தில் இருக்கிறது, நாலு பேர் காலைப் பிடித்துவிட்டார்கள். “சார், கடைசிப் பகுதி,” என்றாள் ரெபேக்கா. அவள் குரலில் களைப்புத் தெரிந்தது, ஏமாற்றமும். “உங்களுக்குப் பிடிச்ச ஒரு சம்பவத்தை மனசுக்குள்ள நிதானமா சொல்லுங்க. நாங்க ஒண்ணும் காட்ட மாட்டோம். எதுவா இருந்தாலும் சரி.” கண்ணை மூடிக்கொண்டார். எதுவாக இருந்தாலும் சரியா? சரி. டக் டக் டக் டக். வா ராசா, வா. கதவைத் திறந்துவைத்திருக்கிறேன், வந்து கேள்.

மகள் கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்றைக்கு நடந்ததை எடுத்துக்கொண்டார். மைக்கைப் பிடித்தார். கேட்கிறவனுக்குக் கண் இல்லை என்று நினைத்துக்கொண்டு பேச வேண்டும், அதுதான் வர்ணனைக்கு அவர் கண்ட ஒரே இலக்கணம். ரசிகப் பெருமக்களே, அவசரப்படாதீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இது வீடு. இது வாசல். வாசலில் ஒருவன் நிற்கிறான், அது நான்தான், கையில் ஆட்டுக்கறிப் பை. உள்ளே மகள் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் புது மாப்பிள்ளை. நான் கூப்பிடுகிறேன். மகளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், கேட்டுக்கொள், மகளுடைய பெயர், அருளு. மாப்பிள்ளை மகள் தோளைத் தட்டுகிறார், அப்பா உன்னைக் கூப்பிடுகிறார், எழுந்திரு என்கிறார். மகள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தே இருக்கிறாள், சிரிக்கிறாள். அவர் கூப்பிட்டது என்னை இல்லை என்கிறாள். அடுப்படியிலிருந்து என் பெண்டாட்டி வருகிறாள், பார், அவள்தான் வருகிறாள், கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு அவள்தான் வருவாள், வேறு யாரும் வரமாட்டார்கள். மாப்பிள்ளை முழிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறோம். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். வீடு, வாசல், மகள் பெயர், மகள் எழவில்லை, பெண்டாட்டி வருகிறாள். வார்த்தையை மெதுவாக்கினார், ரத்தத்துக்கு நேரம் கொடுத்தார், பனைமரத்துக் குழாயில் எதிரொலி வந்து சேரும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொல்வது அவருக்குத் தெரியாத வித்தையா. மூன்றாம் தடவை சொல்லும்போது கறிப்பையின் ஈரம்கூடக் கையில் தெரிந்தது, தொங்கிப்போன வலது கையில். அவள் கைவளை சத்தமும் கேட்டது. அப்படியே அழுகை வந்துவிட்டது, அசையாமல் அழுதார்.

சத்தம் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமாக உடனே படுக்கையை வெளியே இழுப்பார்கள், இன்றைக்கு இழுக்கவில்லை. கணக்குப் போட நேரமாகும், கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். காதுக்குள் ஈரம் இறங்கி அரித்தது. ஏறக்குறையத்தான் வரும் என்றாளே, மாடு வந்தது, மழை வந்தது என்று எழுதிவிட்டால்? பரவாயில்லை, மெஷினைக் குறை சொல்லக் கூடாது, இதுவரை அது செய்ததே பெரிது, கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து கேட்டதில்லை. ஹெட்போனில் ஏதோ கரகரத்தது. ரெபேக்கா மைக்கைத் திறந்துவிட்டு, அவரிடம் பேசாமல், தனக்குத்தானே போல வாசித்தாள். “வாசலில் ஒருவர் நிற்கிறார். மகளின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். மகள் எழுந்திருக்கவில்லை. மனைவி வருகிறாள். எல்லோருக்கும் சிரிப்பு.” நிறுத்தினாள். “மறுபடியும் இதேதான் வந்திருக்கு. மகளைக் கூப்பிடுறார், மனைவி வர்றாங்க. இதுக்கு என்னம்மா அர்த்தம்? உங்களுக்கு ஏதாவது...” அப்புறம் ஒரு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம்.

“ஐயோ டாக்டரம்மா,” என்றது பஞ்சவர்ணத்தின் குரல், தூரத்திலிருந்து. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். “அது மகளை இல்லம்மா. அது நான். என்னையத்தான் கூப்பிடுறாக.” “உங்க பேரு பஞ்சவர்ணம்தானே?” “பேரு அதுதான். அந்தப் பேரைச் சொல்லி இவுக என்னிக்குக் கூப்பிட்டாக? அருளுன்னா நான்தான். எம்மக பேரு சொன்னா நான்தான் வருவேன். மாப்பிள வந்த அன்னிக்கு நடந்ததும்மா இது, கறி வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னாக.” “அப்ப போன வாரம்...” என்று ரெபேக்கா ஆரம்பித்தாள், மூக்கை உறிஞ்சினாள். “போன வாரமும் அது சரியாத்தான் கேட்டிருக்கு. நாங்கதான் தப்புப் போட்டிருக்கோம். ஆளும் மாறல, ஒரு படியும் மாறல. இவரை வச்சுத்தாம்மா அடுத்த வேலையே தொடங்கணும்.” பஞ்சவர்ணம் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. “இதுல பேசினா உள்ள அவுகளுக்குக் கேக்குமா?” என்றாள். கேட்கும், இந்த மைக்குக்குப் பக்கத்தில் வந்து பேசுங்கள் என்றாள் ரெபேக்கா. வளையல் சத்தம் வந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள், அது அவருக்குத் தெரியும், துடைக்க ஈரம் இல்லாவிட்டாலும் துடைத்துக்கொள்வாள். குரல் இப்போது காதுக்கு வெகு பக்கத்தில், அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவிலிருந்து வந்தது.

“என்னங்க, கூப்பிட்டீகளா?”

“அதான்,” என்றார் சௌந்தரபாண்டியன்.